வோல்ட்டை அளந்த வரலாறு

கொல்லிமலைக்குச் செல்வோர் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏற வேண்டும். ஏறி முடித்ததும் மலையுச்சி ஒன்று கூர்மையாக நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு வியப்பே காத்திருக்கும். அங்கே மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடப்பது ஒரு தனி உலகம். அவ்வுலகைத் தொன்றுதொட்டு நாடுகளாகப் பகுத்து வழங்குகின்றனர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று அழகிய பெயர்கள் கொண்ட அந்நாடுகளுள் ஒன்று திருப்புலி நாடு.

இயற்பியல் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், என் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பிற்கிணங்கி அந்நாட்டிற்குச் சென்றிருந்தேன். அவருடைய உறவினரான ஓர் உழவரின் வீட்டில் தங்கினோம். வீடு மேட்டில் இருந்தது. சரிவில் குச்சிக்கிழங்கும், மரங்களைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும். கீழே பள்ளத்தில் ஒரு கிணறும் அதையொட்டிச் சிறு நெல் வயலும். வயலில் பயிர் வாடிக்கொண்டிருந்தது; ஆனால் கிணற்றில் நீர் இருந்தது. நீரை இறைக்க ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் இருந்தது. அந்த மோட்டார்தான் ஓடவில்லை.

சுவிட்சைப் போட்டால் முனகும், சுழலாது. சிறிது நேரத்தில் சூடேறிவிடும். முன்னர் ஒருமுறை எரிந்துபோய்க் காயில் கட்டியாகிவிட்டது. மீண்டும் அதே கதை. “கரண்ட் இருக்குதுங்க சார். டெஸ்டர் வெச்சா நல்லா எரியுது. மீட்டர் வெச்சுப் பார்த்தவர் இருநூற்று முப்பது முழுசாக் காட்டுதுன்னு சொல்லிட்டாரு. மோட்டார்லதான் கோளாறு போல” என்றார் அவர். புது மோட்டார் வாங்குவதற்குக் கடன் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

டெஸ்டர் எரிகிறது, மீட்டர் 230 வோல்ட் காட்டுகிறது, காயில் புதியது, ஆயினும் மோட்டார் ஓடவில்லை. இஃது எவ்வாறு? இப்புதிருக்கான விடை அந்த மோட்டாரில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. மின்னழுத்தம் என்பது யாது, அதை அளப்பது எப்படி என்பதை மனித இனம் கற்றுக்கொண்ட நீண்ட வரலாற்றுக்குள் அவ்விடை இருக்கிறது. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதனைச் சொல்லி முடித்தபின் மீண்டும் திருப்புலி நாட்டுக் கிணற்றடிக்கு வருவோம்.

மின்சாரம் நின்று திரும்ப வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “கரண்ட் வந்துவிட்டது!” என்கிறோம். விளக்கு மங்கலாக எரிந்தால் “கரண்ட் கம்மி” என்கிறோம். கரண்ட் என்பது மின்னோட்டம். ஆனால் வீட்டில் எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்கையில், கம்பிகளில் மின்னோட்டம் ஏது? அப்போது வந்து காத்திருப்பது மின்னழுத்தம். நாம் ஒரு விளக்கின் சுவிட்சைப் போட்ட பிறகே அவ்விளக்கின் வழியாக மின்னோட்டம் பாய்கிறது. அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. இவ்விரண்டையும் நம்முடைய அன்றாடப் பேச்சு ஒன்றாகவே கலந்து வைத்திருக்கிறது. இதற்காக நாம் நாணவேண்டியதில்லை. உலகின் பேரறிஞர்களே இவ்விரண்டையும் பிரித்தறிய நெடுங்காலம் திணறினர்.

அழுத்தத்தைப் புரிந்துகொள்ளக் கொல்லிமலையே ஒரு நல்ல பாடம். மலை மேலிருந்து அருவி கீழே விழுகிறது. நீரை விழச் செய்வது எது? மேலிடத்திற்கும் கீழிடத்திற்கும் உள்ள உயர வேறுபாடு. ஓரிடம் மட்டும் உயரமாக இருக்க முடியாது. மற்றோரிடத்தை நோக்கவே அஃது உயரம். மின்னழுத்தமும் அவ்வாறே. ‘இந்தக் கம்பியில் 230 வோல்ட்’ என்று நாம் சொல்வது, இந்தக் கம்பிக்கும் வேறொரு புள்ளிக்கும் இடையே 230 வோல்ட் வேறுபாடு என்பதன் சுருக்கமே. உயர் அழுத்தக் கம்பி ஒன்றின் மேல் காகம் அச்சமின்றி அமர்ந்திருக்கிறது. அதன் இரு கால்களும் ஒரே கம்பியில், ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. வேறுபாடு இல்லாத இடத்தில் ஓட்டமும் இல்லை. ஆகவேதான் அழுத்தத்தை அளக்கும் கருவிக்கு எப்போதும் இரு முனைகள் வேண்டும். அவற்றை இரு வேறு புள்ளிகளில் வைக்க வேண்டும்.

இனி வரலாற்றுக்குச் செல்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் மின்சாரத்தை அளக்கக் கருவிகள் மிக அரியன. இங்கிலாந்தின் கேவண்டிஷ் என்ற அறிஞர், பல்வேறு பொருள்களின் வழியே மின்சாரத்தைத் தம் உடலிற் பாய்ச்சி, அதிர்ச்சி எவ்வளவு என்று தாமே உணர்ந்து ஒப்பிட்டுக் குறித்து வைத்தார். அவருடைய உடலே அளவுக் கருவி! அக்குறிப்புகள் அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1879-ஆம் ஆண்டில் மாக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்தபோதே உலகம் அவற்றின் அருமையை அறிந்தது.

இத்தாலி நாட்டில் கோமோ என்னும் ஊரில் 1745-இல் பிறந்தவர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. அவர் காலத்தில் கால்வானி என்ற மருத்துவ அறிஞர், இறந்த தவளையின் கால் இருவேறு உலோகங்கள் தொட்டதும் துடிப்பதைக் கண்டு, மின்சாரம் விலங்கின் உடலிலேயே உறைகிறது என்றார். வோல்ட்டா இதனை ஏற்கவில்லை. தவளைக்கால் மின்சாரத்தைக் காட்டும் கருவியே. மின்சாரம் பிறப்பது இரு உலோகங்களால் என்பது அவர் கட்சி. அதை மெய்ப்பிக்கத் தவளையை அறவே நீக்கினார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாறி மாறி அடுக்கினார். அடுக்கின் இரு முனைகளையும் தொட்டால் அதிர்ச்சி உண்டாயிற்று. அடுக்கு உயர உயர அதிர்ச்சியும் மிகுந்தது. 1800-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் லண்டன் ராயல் சங்கத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இதனை அறிவித்தார். தொடர்ந்து மின்னோட்டத்தைத் தரவல்ல முதல் மின்கல அடுக்கு அதுவே. இன்று டார்ச்சு விளக்கில் மூன்று கட்டைகளை வரிசையாகப் போட்டு நான்கரை வோல்ட் பெறுகிறோமே, அதன் கருத்து அந்த அடுக்கிலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. எத்தனை தகடுகள் என்று எண்ணலாம். எவ்வளவு அழுத்தம் என்று அளக்க ஏற்ற அலகு இல்லை. இருபது ஆண்டுகள் சென்றன. 1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டறிந்தார். அச்செய்தி பாரிசுக்கு எட்டிய அதே ஆண்டில் ஆம்பியர் ஓர் அடிப்படையான பகுப்பைச் செய்தார். மின்சாரத்தின் அழுத்தம் ஒன்று, அதன் ஓட்டம் மற்றொன்று. இரண்டையும் குழப்பலாகாது என்றார். ஊசியைத் திருப்புவது ஓட்டமே. ஆகவே ஓட்டத்தை அளக்கும் கருவிக்குக் கால்வானி பெயரால் கால்வனோமீட்டர் என்று பெயரிட்டார். ‘கரண்ட்’ என்ற சொல்லுக்கு அறிவியலில் திட்டமான பொருள் பிறந்தது அப்போதுதான்.

அழுத்தத்திற்கும் ஓட்டத்திற்கும் உள்ள உறவைக் கண்டவர் ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம். அவர் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்குப் பாடம் நடத்திய நேரம் போக, தாமே செய்த கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தார். அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. அக்கால மின்கலங்கள் சிறிது நேரத்திலேயே வலுவிழந்துவிடும். தாங்கி நிற்கும் தரையே தளர்ந்தால் எதை அளப்பது? போகண்டார்ப் என்ற அறிஞர் ஒரு வழி சொன்னார். இருவேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றோர் இணைப்பைப் பனிக்கட்டியிலும் வைத்தால் சிறியதாயினும் நிலையான அழுத்தம் கிடைக்கும். ஓம் அவ்வாறே செய்து, நீளம் வேறுபட்ட கம்பிகளில் ஓட்டம் எவ்வாறு மாறுகிறது என்று அளந்தார். 1827-இல் தம் நூலை வெளியிட்டார்.

அவர் கண்ட விதி இது: ஓட்டத்தையும் தடையையும் பெருக்கினால் அழுத்தம் வரும். இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவனும் இதனைச் சொல்வான். ஆனால் இந்த எளிய விதியை அன்று ஜெர்மனியில் பலரும் மதிக்கவில்லை. ஓம் பதவியை விட்டு விலகினார். சில ஆண்டுகள் வறுமையுற்றார். 1841-இல் லண்டன் ராயல் சங்கம் தன் காப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கிச் சிறப்பித்த பின்னரே அவர் பெருமை தம் நாட்டிலும் பரவலாயிற்று.

ஓம் விதியின் ஓர் உட்பொருளை இங்கே கவனிக்க வேண்டும். மின்சாரம் செல்லும் பாதையில் விளக்குக்கோ மோட்டாருக்கோ மட்டுமன்றி, கொண்டுசெல்லும் கம்பிக்கும் தடை உண்டு. அழுத்தத்தின் ஒரு பகுதியைக் கம்பியே செலவழித்துக்கொள்கிறது. எவ்வளவு? ஓட்டம் எவ்வளவோ அதற்கேற்ப. ஓட்டமே இல்லையென்றால் கம்பி ஒரு வோல்ட்டையும் எடுத்துக்கொள்ளாது. இதனை மனத்தில் இருத்துங்கள்.

அழுத்தத்தைச் சரியாக அளவாமையின் விலை எவ்வளவு என்பதை 1858-ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அயர்லாந்துக்கும் அமெரிக்கக் கண்டத்திற்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி இடப்பட்டது. ஆகஸ்டு 16 அன்று விக்டோரியா அரசி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்து, 98 சொற்களே கொண்டது. அது போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. நம் நாட்டோடும் அந்தக் கம்பிக்குத் தொடர்பு உண்டு. 1857-இல் மூண்ட எழுச்சியின் காரணமாகக் கனடாவிலிருந்து திரும்புமாறு பணிக்கப்பட்டிருந்த படைகள், இனி வரவேண்டியதில்லை என்ற ஆணை அதன் வழியாகவே சென்றது. அதனால் ஆங்கில அரசுக்கு ஐம்பதாயிரம் பவுன் மிச்சமாயிற்று என்பர்.

ஆனால் குறிகள் நாளுக்கு நாள் மங்கின. நிறுவனத்தின் மின்துறைப் பொறுப்பில் இருந்தவர் ஒயிட்ஹவுஸ், தொழிலால் மருத்துவர். குறி மங்கினால் வலிமையைக் கூட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். மாபெரும் கம்பிச்சுருள்களைக் கொண்டு கம்பியில் மிக உயர்ந்த அழுத்தத்தைச் செலுத்தினார். அது சுமார் 2000 வோல்ட் இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டனர். வில்லியம் தாம்சன் என்ற கிளாஸ்கோ பேராசிரியரோ நேர்மாறாகக் கருதினார். குறைந்த அழுத்தமே போதும். அதனால் வரும் நுண்ணிய ஓட்டத்தை உணரவல்ல கருவியே வேண்டும் என்று சொல்லி, சிறு கண்ணாடி பொருத்திய கால்வனோமீட்டரை அமைத்தார். கம்பியோ செய்யும்போதே குறைபட்டது. உயர் அழுத்தம் அதன் காப்புறையை மேலும் கெடுத்தது. சில வாரங்களில் கம்பி அறவே ஊமையாயிற்று.

பெரும் பொருள் கடலுக்குள் போயிற்று. ஆங்கில அரசும் நிறுவனமும் சேர்ந்து விசாரணைக் குழு அமைத்தன. மின்சாரத்தில் ஒருவர் ‘மிகுதி’ என்பதும் மற்றொருவர் ‘குறைவு’ என்பதும் ஒரே பொருளில் இல்லை. பொது அலகுகள் இன்றி இத்தொழில் நடவாது என்ற உண்மை யாவர்க்கும் புலனாயிற்று. 1861-இல் பிரிட்டிஷ் அறிவியல் கழகம் மின்தடைக்குத் திட்ட அலகு காண ஒரு குழுவை நிறுவியது. தாம்சன் அதில் முன்னின்றார். அறிஞர்களின் பெயர்களையே அலகுகளுக்கு இடலாம் என்ற யோசனையை அதே ஆண்டில் தந்திப் பொறியாளர்களான கிளார்க்கும் பிரைட்டும் முன்வைத்தனர். 1866-இல் புதிய அட்லாண்டிக் கம்பி வெற்றி கண்டது. 1881-ஆம் ஆண்டு பாரிசு நகரில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் என்ற மூன்று அலகுகளையும் ஏற்றது. வோல்ட்டா தம் அடுக்கை அறிவித்து எண்பத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

அலகு வந்தது, ஆனால் தோளில் தூக்கிச் சென்று, முனைகளை வைத்த உடனே அளவைப் படிக்கும்படியான கருவி இன்னும் இல்லை. ஆய்வகக் கருவிகள் மேசையைவிட்டு நகர்ந்தால் அளவு மாறிவிடும். இக்குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வர்டு வெஸ்டன். 1880-களின் பிற்பகுதியில் அவர் அமைத்த கருவியே இன்று நம் பள்ளி ஆய்வகத்தில் உள்ள முள் வோல்ட்மீட்டரின் நேர் முன்னோடி. அதன் உள்ளே, நிலைக்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று தாங்கப்பட்டிருக்கிறது. ஓட்டம் பாய்ந்தால் சுருள் திரும்பும். நுண்ணிய சுருள்வில் அதனைப் பின்னிழுக்கும். இரண்டும் ஒத்து நிற்கும் இடத்தில் முள் நிற்கும்.

இங்கே ஓர் ஐயம் எழும். சுருளைத் திருப்புவது ஓட்டம் அல்லவா? ஓட்டத்தை உணரும் கருவி அழுத்தத்தை எப்படிச் சொல்லும்? ஓம் விதியே இதற்கு விடை. சுருளுடன் தொடராக ஒரு பெருந்தடையை இணைத்துவிட்டால், பாயும் ஓட்டம் அழுத்தத்திற்கு நேர்விகிதமாகும். ஒரு கணக்குப் பார்ப்போம். முள் முழு வீச்சு காட்ட ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் எனக் கொள்வோம். சுருளின் தடை 100 ஓம். இக்கருவி 250 வோல்ட் வரை அளக்க வேண்டுமானால் மொத்தத் தடை 2,50,000 ஓம் ஆதல் வேண்டும். ஆகவே 2,49,900 ஓம் தடையைச் சேர்க்க வேண்டும். இத்தடை வெயிலிலும் குளிரிலும் மாறாதிருப்பது இன்றியமையாதது. வெப்பத்தால் தடை பெரிதும் மாறாத மாங்கனின் என்ற கலவை உலோகத்தை ஆக்கித் தந்தவரும் வெஸ்டனே.

பெருந்தடை வேண்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அளக்கும் கருவி அளக்கப்படுவதைக் கெடுத்துவிடலாகாது. ஒருவர் நெல்லை அளக்கும்போது மரக்கால் தன் பங்குக்கு நெல்லைத் தின்றுவிட்டால் அளவு எப்படிச் சரியாகும்? ஆகவே வோல்ட்மீட்டரை விளக்கின் இரு முனைகளுக்கும் பக்க இணைப்பாக வைக்கிறோம். அதன் பெருந்தடை காரணமாக மிக நுண்ணிய ஓட்டமே அதன் வழியே பிரிகிறது. ஆம்மீட்டரோ பாதையின் நடுவே தொடராக நிற்பது. அதன் தடை மிகக் குறைவு. ஆம்மீட்டரை வோல்ட்மீட்டர் போல வைத்து அதை எரித்துவிடாத ஆய்வகம் அரிது!

மற்றொன்றும் சொல்லவேண்டும். நம் வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் அலைகிறது. மேலே சொன்ன காந்தச் சுருள் கருவியில் அதனை நேரே செலுத்தினால் முள் இருந்த இடத்திலேயே நடுங்கும். மாறுதிசைக்கு வேறு வகைக் கருவிகள் உண்டு. அல்லது மின்சாரத்தை ஒருதிசைப்படுத்தி அளக்க வேண்டும். 230 வோல்ட் என்பதும் உச்ச அளவன்று. உச்சியில் அது ஏறத்தாழ 325 வோல்ட் வரை எழுகிறது. அதே வெப்பத்தைத் தரும் ஒருதிசை அழுத்தம் எவ்வளவோ அதையே 230 என்று குறிக்கிறோம்.

ஒரு வோல்ட்டை உலகெங்கும் ஒன்றாகக் காப்பது எவ்வாறு? முன்பு திட்டமான வேதிக் கலங்களைக் காத்தனர். 1893-இல் வெஸ்டன் அமைத்த காட்மியக் கலம் பல பத்தாண்டுகள் உலகின் அளவுகோலாக விளங்கியது. 1962-இல் கேம்பிரிட்ஜில் இருபத்திரண்டு வயது மாணவரான பிரையன் ஜோசப்சன், மிகுகுளிரில் மீக்கடத்திகளுக்கிடையே மின்னழுத்தமும் அலைவெண்ணும் மாறாத விகிதத்தில் கட்டுண்டு நிற்கும் என்று கணித்தார். 1973-இல் நோபல் பரிசும் பெற்றார். அவ்விதியைக் கொண்டே 1990 முதல் வோல்ட்டை நிறுவி வருகின்றனர். 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் எலெக்ட்ரானின் மின்னூட்டமும் பிளாங்க் மாறிலியும் திட்டமான எண்களாக வரையறுக்கப்பட்டன. கேவண்டிஷின் உடலில் தொடங்கிய அளவு, இயற்கையின் மாறிலிகளில் வந்து நிலைகொண்டது. நம் நாட்டில் இத்திட்ட அளவுகளைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

தமிழ்நாட்டின் மின்வரலாறும் அழுத்தத்தின் வரலாறே. நீலகிரியில் 3000 அடிக்கு மேல் நீரை வீழ்த்திச் சிங்காராவில் மின்னாக்கும் பைக்காராத் திட்டம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோவை ஆலைகள் அதனால் தழைத்தன. மேட்டூர் மின்நிலையம் 1937-இல் வந்தது. மலையில் பிறந்த மின்சாரத்தை நெடுந்தொலைவு கொண்டுவருவது எப்படி? அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே திறனுக்கு ஓட்டம் பத்தில் ஒரு பங்காகும். கம்பியில் வெப்பமாக வீணாவது நூறில் ஒரு பங்காகும். அதனால்தான் இன்றும் மின்சாரம் இலட்சக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் நாட்டைக் கடந்து, 11,000 வோல்ட்டாக ஊருக்கு வந்து, டிரான்ஸ்பார்மரில் இறங்கி, 230 வோல்ட்டாக நம் வாயிலை அடைகிறது. வாயிலுக்குப் பின்னர் உள்ள தொலைவை எவ்வாறு கடப்பது என்பது நம் பொறுப்பு.

இப்போது திருப்புலி நாட்டுக் கிணற்றடிக்கு மீள்வோம். வீட்டிலிருந்து கிணறு ஏறத்தாழ 300 மீட்டர். அந்த 300 மீட்டரையும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரால் இணைத்திருந்தார் அவ்வுழவர். வீட்டு விளக்குக்குப் போடுகிற ஒயர் அது, விலை மலிவு.

டெஸ்டர் எரிந்தது உண்மை. ஆனால் டெஸ்டர் அழுத்தம் உண்டா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. மீட்டர் 230 காட்டியதும் உண்மை. ஆனால் அதை வைத்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வைத்தார். ஓட்டம் இல்லாதபோது கம்பி எதையும் எடுத்துக்கொள்ளாது என்று முன்னரே கண்டோம் அல்லவா? இரு சான்றுகளும் மெய்யே. கேட்ட கேள்விதான் தவறு.

பம்புத் தொழில் அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மோட்டாரின் முனைகளில் மீட்டரை இணைத்தோம். வீட்டில் மெயின் சுவிட்சு அருகே மற்றொரு மீட்டருடன் என் மாணவர் நின்றார். கைப்பேசியில் பேசிக்கொண்டோம். நிறுத்தியிருந்தபோது இரு மீட்டர்களும் ஏறத்தாழ 230 காட்டின. “போடுங்கள்” என்றேன். மோட்டார் முனகியது. வீட்டில் 215. கிணற்றடியில் 110! உடனே நிறுத்தச் செய்தேன்.

உழவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “மீதி எங்கே சார் போச்சு?” என்று கேட்டார். இதனினும் நல்ல கேள்வியை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. மண்ணில் விரலால் கணக்கெழுதிக் காட்டினேன். ஓட்டம் போகவும் திரும்பவும் வேண்டுமாதலால் கம்பியின் நீளம் 600 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 7 ஓம். புறப்படத் திணறும் மோட்டார் 15 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. பதினைந்தை ஏழால் பெருக்கினால் 105. காணாமற்போன 105 வோல்ட்டும் அந்த மெல்லிய ஒயரில் சூடாகிப் போயிற்று. எஞ்சிய 110 வோல்ட் மோட்டாரைச் சுழற்றப் போதவில்லை. சுழலாத மோட்டார் சூடேறிக் காயில் எரிந்தது. புது மோட்டார் வாங்கியிருந்தால் அதுவும் எரிந்திருக்கும். கடன் மட்டும் நின்றிருக்கும்.

அடுத்த வாரம் அவர் ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டார். தடை 2 ஓமுக்கும் கீழே இறங்கியது. ஒயரின் விலை சிறிதன்று. எனினும் அது ஒருமுறைச் செலவு. சுவிட்சைப் போட்டதும் பழைய மோட்டாரே எழுந்து ஓடியது என்று என் மாணவர் சொன்னார். ஓடும்போது வீட்டில் 225, கிணற்றடியில் 212 காட்டியதாம். 7 ஆம்பியர் ஓட்டத்திற்கு 13 வோல்ட் இழப்பு; கணக்கும் மோட்டாரும் ஒத்துப்போயின.

மாணவ நண்பர்களே, இப்பாடத்தை நீங்களும் செய்து பார்க்கலாம். வீட்டு மின்சாரத்தில் மட்டும் ஒருபோதும் தனியே சோதனை செய்யாதீர்கள். அதற்கு ஓர் உலர் மின்கலம் போதும். பயன்படுத்தித் தேய்ந்த டார்ச்சுக் கட்டை ஒன்றை எடுத்து, வோல்ட்மீட்டரை வையுங்கள். ஏறத்தாழப் புதியதைப் போலவே காட்டலாம். மீட்டரை எடுக்காமலேயே ஒரு சிறு பல்பை அக்கட்டையுடன் இணையுங்கள். முள் சரசரவென்று இறங்கும். கட்டையின் உள்ளே வளர்ந்துவிட்ட தடை, ஓட்டம் வந்ததும் அழுத்தத்தைத் தின்கிறது. திருப்புலி நாட்டு 300 மீட்டர் ஒயரின் கதை, உங்கள் உள்ளங்கையில் அடங்கும் கட்டைக்குள்ளும் நடக்கிறது.

அழுத்தத்தை அளக்க விரும்புவோர் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த இரு புள்ளிகளுக்கிடையே அளக்கிறேன்? வேலை நடக்கும்போது அளக்கிறேனா, ஓய்ந்திருக்கும்போது அளக்கிறேனா? அன்று மாலை நான் மலையிறங்கியபோது, வளைவுக்கு வளைவு கீழே சமவெளியின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. பேருந்தில் யாரோ, “கீழே கரண்ட் வந்துடுச்சு” என்றார். நானும் அவ்வாறே சொல்லிப் பழகியவன்தான். இம்முறை மட்டும், வந்தது எது, ஓடுவது எது என்று மனத்துக்குள் ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொண்டேன்.